காலமும் வேலையும் செண்பகராமன் சார்

அந்த ரோஸ் கலர் வேண்டாம் தம்பி, சடங்கு வீட்டு ஃப்ளெக்ஸ் மாதிரி இருக்கு. நீலம் போடுங்க. நீலம்னாத்தான் ஒரு கவர்மெண்டு களை வரும். ஆங், அப்படி. இப்ப அந்தப் பிள்ள போட்டோவ நடுவுல கொண்டாங்க. இன்னும் பெருசா. பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு நிக்கது நாந்தான். என்னையும் இழுத்து விடுங்க. அவள விடக் கொறஞ்சிரப்பிடாது.

எழுதிக்கிடுங்க. 'இளநிலை உதவியாளர் பணிக்குத் தேர்வான எங்கள் மாணவி இசக்கியம்மாள்.' அந்த 'எங்கள்'ங்கத மட்டும் கொட்ட எழுத்துல போடுங்க. விசயமே அதுலதான் இருக்கு.

எந்த வருசம் பாஸானான்னா கேக்கிய? போன வருசம். வருசத்தப் போட வேண்டாம். போட்டா என்னத்துக்கு, கூட்டமா நின்னு வாசிக்கவா போறானுவ? நேத்து ரிசல்ட்டு வந்திருக்குல்லா, ஊருல உள்ள அத்தன கோச்சிங் சென்டர்காரனும் இன்னிக்கு ஃப்ளெக்ஸ் அடிப்பான். என் சென்டர்ல இந்தத் தடவ ஒருத்தருங் கெடயாது. அதுக்காக நான் சும்மா இருந்தா, தை மாசம் அட்மிசனுக்கு எவன் வருவான்?

நீங்க இந்தக் கடைக்குப் புதுசோ? ஒரு வாரந்தான் ஆச்சா? பேரு பீர்முகம்மதா, சரி. அதான் ஒங்களுக்கு என்னத் தெரியல. புளியங்குடி பஸ் ஸ்டாண்டுல எறங்கி, 'காலமும் வேலையும் சார் வீடு எது?'ன்னு கேட்டியள்னா டீக்கடக்காரன் கொண்டாந்து விட்டுட்டுப் போவான். செண்பகராமன்னு கேட்டா தெரியாது. பாடத்துப் பேரே எனக்குப் பட்டப்பேரா ஆயிட்டு. காலமும் வேலையும். இங்கிலீசுல டைம் அண்ட் ஒர்க்.

ஒங்களுக்கும் ஒண்ணு போடுதேன், சொல்லுங்க பாப்பம். ஏ-ங்கறவன் ஒரு வேலைய பன்னெண்டு நாள்ல முடிப்பான். பி-ங்கறவன் பதினெட்டு நாள்ல முடிப்பான். ரெண்டு பேருஞ் சேந்து செஞ்சா எத்தன நாளாகும்? சும்மா சொல்லுங்க. முப்பதா! எய்யா, ஏ ஒருத்தனே பன்னெண்டு நாள்ல முடிச்சிருவான், கூட ஒருத்தன் ஒத்தாசைக்கு வந்த பொறவு முப்பது நாளாக்குவானுவளா? கவர்மெண்டு ஆபீஸ்ல வேணா அப்படி நடக்கும். கணக்குல நடக்காது.

இப்பம் நம்ம முறையப் பாருங்க. பன்னெண்டுக்கும் பதினெட்டுக்கும் பொதுவா முப்பத்தாற எடு. அதுதான் மொத்த வேல. முப்பத்தாறு தோசைன்னு வச்சுக்கிடு. ஏ ஒரு நாளைக்கு மூணு தோச சுடுதான். பி ரெண்டு தோச. சேந்து சுட்டா அஞ்சு. அப்பம் முப்பத்தாறுக்கு? ஏழு நாளும் மிச்சம் ஒரு தோசையும். முடிஞ்சு போச்சு! இதுக்குப் பேரு செண்பகராமன் தோச முறை. 'இது எல்லா கைடுலயும் இருக்கு'ன்னு தளவாய் ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுதான். எந்த கைடுல தோச இருக்கு? காட்டச் சொல்லுங்க.

தளவாயத் தெரியுமா? வெற்றிமுனை அகாடமி நடத்துதாம்லா, அவன்தான். என்கிட்ட வரலாறு எடுத்துக்கிட்டு இருந்த பய. ரெண்டு பேருஞ் சேந்துதான் சென்டர ஆரம்பிச்சோம். பாதியில பி வெலகிட்டான். 'அண்ணாச்சி, நீங்க ஒரு பாடத்தையே உருட்டிக்கிட்டு இருக்கிய, பிள்ளைய தமிழும் படிக்கணும், சட்டமும் படிக்கணும்'னான். நான் என்ன உருட்டுனேன்? ஆடி பதினெட்டுக்குக் காலமும் வேலையும் தொடங்கினா கார்த்திக தீபத்துக்கு முடிப்பேன். அதுக்கு மேல கொறைக்க முடியாது தம்பி. ஏ, பி ரெண்டு பேரு செய்யுத கணக்கு, மூணு பேரு செய்யுத கணக்கு, ஒருத்தன் பாதியில ஓடிப்போற கணக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் வாரவன் கணக்கு, அதுக்குப் பொறவு தண்ணித் தொட்டி, ரொப்புத கொழா, ஒழுகுத கொழா. தொட்டியே ஐப்பசி பூரா ஓடும்.

பரிச்சையில எத்தன கேள்வி வருமா? ரெண்டு. ஒரு வருசம் மூணு வந்துது.

ஏன் சிரிக்கிய? மொத்தம் எரநூறு கேள்விதான், நான் இல்லங்கல. ஆனா அந்த ரெண்டும் ஒருத்தனுக்கு அத்துபடியா தெரியுதுன்னா அவன் மனுசன். மத்ததையெல்லாம் மனப்பாடம் பண்ணி எழுதிரலாம். நானே ஏழு தடவ எழுதியிருக்கேன். ஏழு தடவையும் காலமும் வேலையும் ஒண்ணு தப்புனதில்ல. தமிழ்ல கவுத்திட்டானுவ. ஒரு தடவ நேரம் பத்தல, கடைசி நாப்பது கேள்வியத் தொடவே முடியல. கணக்க ரெண்டு வழியில போட்டுச் சரிபாத்தா நேரம் ஆகத்தான செய்யும்?

அந்த நட்சத்திரத்த எடுத்துருங்க. சினிமா மாதிரி இருக்கு.

எம் மக விசயத்தச் சொல்லுதேன், கேளுங்க. சிவகோமதின்னு பேரு. ஒரே பிள்ள. ஸ்கூல் படிக்கையிலயே கவர்மெண்டு ஆபீஸ் நாற்காலியில உக்காரணும்னு அவளுக்கு ஆச. எனக்கும் ஒரே ஒரு ஆசதான் தம்பி. ஊரான் வீட்டுப் பிள்ளைய போட்டோவப் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப் போச்சு. எம் மக போட்டோவ என் ஃப்ளெக்ஸ்ல போடணும். பஸ் ஸ்டாண்டுல, பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்புல, பத்துக்கு எட்டு அடியில கட்டணும். 'அப்பங்காரன் சொல்லிக்கொடுத்து மக ஜெயிச்சிட்டா'ன்னு நாலு பேரு நின்னு பாக்கணும். அது நடந்துட்டா பொறவு எனக்கு ஒண்ணும் வேண்டாம். சென்டர இழுத்து மூடிட்டு மகளுக்கு ஆபீஸ் வாசல்ல ஸ்கூட்டி தொடச்சிக்கிட்டு உக்காந்திருவேன்.

ரெண்டு தடவ எழுதினா. நான் அவளுக்குத் தனியா உக்காந்து சொல்லிக்கொடுத்தேன். காலையில எந்திரிச்சதும் பத்து கணக்கு, சென்டர கூட்டிப் பெருக்கிட்டுப் பத்து கணக்கு, பேப்பர் ஜெராக்ஸ் எடுத்து பின் அடிச்சிட்டுப் பத்து கணக்கு. ரெண்டு தடவையும் காலமும் வேலையும் ஒண்ணு விடாம சரி. கட் ஆஃப்லதான் போச்சு. முத தடவ ஒரே ஒரு கேள்வி. ரெண்டாவது தடவ ரெண்டு கேள்வி. தமிழ்ல கொறஞ்சிட்டு. அரசியலமைப்புல கொறஞ்சிட்டு. அதுக்கு நான் என்ன செய்ய? கணக்கு சரியா வந்துச்சால்லியா? அதச் சொல்லித்தான் அவளைத் தேத்துனேன். அவ அழுத அழுகை எனக்கு இன்னும் காதுல நிக்கி. 'எப்பா, எனக்கு வேல வேணும்ப்பா, கணக்கு சரியா வந்து நான் என்ன செய்ய?'ன்னா. அந்த வயசுல அப்படித்தான் பேசுவாவ.

வாய் வேற கொஞ்சம் நீளம் அவளுக்கு. ஒரு நாள் கிளாஸ்ல எந்திரிச்சிக் கேக்கா: 'எப்பா, எல்லாக் கணக்குலயும் மூணு ஆம்பள செய்யுத வேலைய அஞ்சு பொம்பள செய்யுதாவளே, ஏன்? எந்தக் கணக்குலயாவது பொம்பள ஒருபடி கூடச் செய்ய மாட்டாளா?'ங்கா. பிள்ளைய பூரா சிரிக்கி. 'ஏட்டி, கணக்கக் கேள்வி கேக்கப்பிடாது, பதிலத்தான் கேக்கணும். உக்காரு'ன்னேன். எங்க வீட்டுல உள்ளவ அப்பம் பின்னால கூட்டி அள்ள சொளகு, வாரியலோட நிக்கா, அவளும் சிரிக்கா. அவ என்னத்தக் கண்டா? காலையில நாலு வீட்டுக்கு மாவு அரைச்சிக் குடுத்துட்டு, சமைச்சிட்டு, சென்டருக்குத் தண்ணி ரொப்பிட்டு, ரெண்டு பொழுதும் பிள்ளையளுக்கு டீ போட்டுத் தாரா. அம்புட்டுத்தான். தோச முறையெல்லாம் அவளுக்கு விளங்காது.

சரி, இசக்கியம்மாளுக்கு வாரேன். சிந்தாமணி ஊருக்காரி. என்கிட்ட ஆறு மாசம் படிச்சா. ஒரு நாள் தண்ணித் தொட்டிக் கணக்குல தப்புப் போட்டான்னு கொஞ்சம் சத்தம் போட்டேன். 'ஒனக்கெல்லாம் மாட்டுத் தொட்டிதான் லாயக்கு'ன்னு சொல்லிட்டேன் போல. நான் சொன்னதே எனக்கு ஞாபகமில்ல. மறுநாள் தளவாய்கிட்டப் போயிட்டா. அங்க நாலு மாசம். அப்பம் நீங்களே சொல்லுங்க: ஆறு மாசம் ஏ, நாலு மாசம் பி. பத்துல ஆறு பங்கு வேல யாரு செஞ்சது? சின்னப் பிள்ளகூடச் சொல்லிரும். ஆனா அவ பாஸான மறுநாளே தளவாய் ஃப்ளெக்ஸ் கட்டிட்டான், 'வெற்றிமுனையின் வெற்றி மகள்'னு.

விடுவேனா? அவ ஊருல பாராட்டு விழான்னாவ. நானும் பொன்னாட வாங்கிக்கிட்டுப் போனேன். எங்க வீட்டுல உள்ளவளும் சிவகோமதியும் கூட வந்தாவ. மேடையில ஒரு பக்கம் தளவாய், ஒரு பக்கம் நான். அவன் பேசுனான், 'எங்கள் கணித வகுப்பே காரணம்'னு. நான் மைக்கப் பிடுங்கி, 'காலமும் வேலையும் அவளுக்கு ஊட்டுனது இந்தக் கை'ன்னேன். கொஞ்சம் தள்ளுமுள்ளு. பஞ்சாயத்துத் தலைவரு வெலக்கி விட்டாரு. 'பிள்ளையே சொல்லட்டும்'னாரு. அவ எந்திரிச்சி, பையத்தான் பேசுதா, ஆனா மைக்கு நல்ல மைக்கு. 'ரெண்டு சாரும் மன்னிக்கணும். பரிச்சையில காலமும் வேலையும் கணக்க நான் தொடவே இல்ல. பாத்ததும் பயம் வந்துட்டு. விடை தெரியவில்லைன்னு ஒரு வட்டம் இருக்கும்லா, அத ரெண்டுக்கும் நெரப்பிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அந்த நேரத்துல மத்தது பூரா எழுதி முடிச்சேன்'ங்கா!

கூட்டம் சிரிச்ச சிரிப்புல பந்தலே ஆடிட்டு. தளவாயும் பல்லக் காட்டுதான், வெக்கங்கெட்டவன். எனக்கு உடனே விளங்கிட்டு, பிள்ளைக்குத் தன்னடக்கம். ரெண்டு சாருக்கும் மனசு நோகப்பிடாதுன்னு அப்படி ஒரு பொய்யச் சொல்லிருக்கு. பெரிய மனசு. அதனாலதான் அவளுக்கு இன்னிக்கும் ஃப்ளெக்ஸ் அடிக்கேன்.

ஆனா பாத்துக்கிடுங்க, கூட்டத்துல எல்லாரும் சிரிக்காவ, எம் மக மட்டும் கை தட்டுதா. எந்திரிச்சி நின்னு தட்டுதா. மறுநாள் காலையில கணக்குக்கு உக்காருன்னா உக்கார மாட்டேங்கா. 'எப்பா, நான் இனிம ஒங்ககிட்ட கணக்கு போடல'ன்னா. 'அப்பம் பரிச்ச?'ன்னேன். நோட்ட மூடி வச்சிட்டா. ஒரு வாரங் கழிச்சி ஜவுளிக்கடையில பில்லு போடுத வேலைக்குப் போறேன்னு கெளம்பிட்டா. மத்தியானம் போயிட்டு, பொழுது அடஞ்சி வருவா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? காலமும் வேலையும் செண்பகராமன் மக, சேலைக்கு பில்லு போடுதா. ரெண்டு நாள் நான் சாப்பிடல. அவ அம்மைகிட்டச் சண்ட போட்டேன். 'அவ இஷ்டத்துக்கு விடுங்க'ன்னா. ஒரு நாள் மனசு கேக்காம, சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கடைக்கே போயிட்டேன், கையில ஒரு பொட்டலம் அல்வாவோட. 'பிள்ள சாப்பிடப் போயிருக்கு சார்'னாவ. சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன சாப்பாடு! என்ன கட நடத்துதானுவளோ. அல்வாவக் குடுத்துட்டு வந்துட்டேன். வேல செய்யுத எடத்துல பிள்ளையளக் காயப் போடுதானுவளேன்னு வருத்தமாப் போச்சு. ஆளும் மெலிஞ்சிட்டா. கண்ணுக்குக் கீழ கருவளயம். பில்லு போடுததுல என்ன அவ்வளவு அலுப்போ.

நேத்து வீட்டுல அவ அம்மை கேசரி கிண்டியிருக்கா. 'என்னட்டி விசேசம்?'னேன். 'சும்மாதான்'னாவ அம்மையும் மகளும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டு. சிவகோமதி எங்கிட்ட வந்து 'எப்பா, ஒரு விசயம்'னா. 'இரு, மொதல்ல இதக் கேளு'ன்னு இந்த ஃப்ளெக்ஸ் வாசகத்தப் படிச்சிக் காமிச்சேன். முழுசையும் நின்னு கேட்டா. பொறவு 'நல்லாயிருக்குப்பா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. என்ன சொல்ல வந்தாளோ, சம்பளங் கூடியிருக்கும்.

முடிஞ்சிட்டா? எங்க, காமிங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு தம்பி, தளவாயும் இங்கதான அடிக்கான்? அவனோடது எத்தன அடி? அவனவிட ஒரு அடியாவது கூட இருக்கணும். அவனோடதத் தெறந்து காமிங்க. என்ன, அடுத்தவங்க டிசைனக் காமிக்கப்பிடாதா? ஃப்ளெக்ஸ் என்ன ராணுவ ரகசியமா? நாளைக்கு பஸ் ஸ்டாண்டுல தொங்கப் போறதத்தான பாக்கேன். தெறங்க, தெறங்க. நான் ஒரு எழுத்தக்கூடக் காப்பியடிக்க மாட்டேன்.

ஆத்தாடி, பன்னெண்டுக்கு பத்தா! காசு கொழுத்துப் போயிட்டு. மூஞ்சிகளப் பாருங்களேன். இந்தப் பய முழியப் பாத்தா, பிடிச்சிக் கொண்டாந்து நிறுத்துனது மாதிரி இருக்கு. இவன் போன வருசம் வேற சென்டர் ஃப்ளெக்ஸ்லயும் சிரிச்சான். இவளுக்கு மீசைய வேற விட்டிருக்கிய, ஓ, நிழலா? இந்தம்மாவுக்குப் பேரப்பிள்ள எடுத்துருக்கும் போலிருக்கு. நடுவுல பெருசா மொத எடம்னு போட்டுருக்கானே, அது யாரு? பெருசு பண்ணுங்க. கண்ணாடி எடுத்துட்டு வரல.

இன்னும்.

...

இது எம் மகள்லா.

தம்பி, இது... இந்தப் போட்டோ யாரு தந்தா? அவளேவா? எப்பம், இன்னிக்குக் காலையிலயா? தளவாய் கூட வந்தானா? இல்லியா? பொறவு யாரு? வயசான அம்மாவா, பச்சச் சேலையா. கையில பிளாஸ்டிக் கூட. அது எங்க வீட்டுல உள்ளவதான். அவளுந்தானா.

தண்ணி வேண்டாம். இருக்கட்டும். இருங்க, வாசிக்கேன். 'எங்கள் மாணவி, மாலை நேர வகுப்பு.' மாலை நேரம். ஆறு மணி. அல்வாவ அந்தக் கடைக்காரனுவ தின்னுருப்பானுவ.

கீழ என்ன போட்டுருக்கு? தமிழ் நூத்துக்குத் தொண்ணூத்தாறு. யம்மா! கணக்கு இருவத்தஞ்சுக்கு இருவத்தி மூணு. விடைத்தாளப் பாத்து அவளே எண்ணிச் சொன்னாளா? சரியாத்தான் எண்ணியிருப்பா. அந்த ரெண்டு எதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. வேணும்னே விட்டிருக்கா. தோச முறையில கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருவா அவ. பேனாவக் கையில வச்சுக்கிட்டே, தெரிஞ்சுக்கிட்டே, விடை தெரியவில்லைன்னு நெரப்பிட்டுப் போயிருக்கா. என்ன ஒரு அழுத்தம் பாத்தியளா?

வயிறு எரியுது தம்பி. மறைக்க மாட்டேன், எரியத்தான் செய்யுது. சந்தோசமாவும் இருக்கு. ரெண்டுஞ் சேந்து வாரதுனால எது கூட, எது கொறச்சல்னு பிரிச்சிச் சொல்லத் தெரியல. நல்லா சிரிச்சிருக்கா பாருங்க. என் சென்டர்ல நிக்கையில இப்படி ஒரு சிரிப்ப நான் பாத்ததே இல்ல. காதுல கெடக்கது அவ அம்மை கம்மல்.

'எங்கள் மாணவி'ங்கான். இவன் எப்படி அவளத் தன் மாணவி ஆக்குவான்? பொறந்ததுல இருந்து... சரி, விடுங்க. சண்டைக்குப் போவல. போனா இந்தச் சிரிப்பும் போயிரும்.

என்னோடத அழிச்சிருங்க. ஆமா, இசக்கியம்மாளத்தான். அந்தப் பிள்ள மேடையிலயே உள்ளதச் சொல்லிட்டு, பாவம். அட்வான்ஸ் இருக்கட்டும்.

ஒரே ஒரு ஒத்தாச செய்யுங்க. தளவாய்கிட்ட சொல்லாண்டாம். எம் மக பேருக்கு முன்னால பாருங்க, 'செ.'ன்னு இனிசியல் போட்டிருக்கிய. கடுகு மாதிரி கெடக்கு. மத்த பிள்ளையளுக்கும் அப்படித்தானா? இருக்கட்டும். இவளுக்கு மட்டும் கொஞ்சம் பெருசாக்குங்க. பேரு எந்த அளவோ அந்த அளவு வேண்டாம், அது அவளோடது. அதுல பாதி போதும். பெட்ரோல் பங்குல நின்னு பாத்தா தெரியணும். அதுக்கு என்ன ஆகுமோ, நான் தந்துருதேன்.